மணிக்கூட்டைப் பார்த்து இளைப்பாறுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் இல்லை. கோட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கண் மங்கியது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்றார்கள். இப்போது கண் சரி. நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன். ஆனால் களைப்பு ஆளைக் கொல்கிறது. பகல் 2 மணிக்குப் பிறகு கணினியில் உள்ள இலக்கங்கள் மண்டைக்குள் ஏறாது. சனிக்கிழமை கொஞ்சம் உசாராக இருந்தால் உடுப்பெல்லாம் தோய்த்து, சந்தைக்கும் போய் வருவேன். பிறகு ஞாயிறும் திங்களும் எழும்ப ஏலாமல் கிடப்பேன். மாமி ‘பஞ்சி’ என்கிறா. கணவர் ‘நீர் ஒண்டும் செய்யாதையும், படும்’ என்கிறார். ஜிம்முக்குப் போகச் சொல்பவர்களும் உண்டு, உடம்பை வருத்தினால் நோய் கூடும் என்பவர்களும் உண்டு. கிளினிக்கில் புதிதாக வந்த டொக்டர் ஓர் உளவியலாளரைப் பார்க்கச் சொன்னார். எனக்கு விசர் என்று நினைக்கிறாரா? இரவில் இரண்டு மூன்று தடவை சலம் கழிக்க எழும்புவேன். நாங்கள் சைவம்.
வாசகி, கொழும்பு 6

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அந்த டொக்டர் உங்களை விசர் என்று நினைக்கவில்லை. எம்.எஸ். களைப்புக்கு இன்று கைவசம் உள்ள வழிகளில், நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்றுக்குத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார். கிளினிக் நெரிசலில் அதை விளக்க அவருக்கு நேரம் கிடைத்திருக்காது.

நான் இயன்மருத்துவர் (ஃபிசியோதெரபிஸ்ட்). நரம்பு நோய் உள்ளவர்களோடுதான் என் வேலை. எம்.எஸ். இலங்கையில் அதிகம் காணப்படாத நோய். அதனால் வீட்டிலும் கந்தோரிலும் யாருக்கும் உங்கள் நிலை பிடிபடாததில் வியப்பில்லை. ஒரு கால் இழுத்தால் பார்ப்பவர்களுக்குத் தெரியும். களைப்பு வெளியே தெரியாது. ஆனால் இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு, நான்கில் மூன்று பேருக்கு அல்லது அதற்கும் மேல், இந்தக் களைப்பு இருக்கிறது. நல்ல வேலையில் இருப்பவர்களையும் அதை விட்டுவிட வைக்கும் பெரிய காரணங்களில் இதுவும் ஒன்று.

அடுத்த பந்தியை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள். எம்.எஸ். நோயில் உடம்பின் நிர்ப்பீடனத் தொகுதியே (நோய் எதிர்ப்புச் சக்தியே) மூளையிலும் முண்ணாணிலும் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டிலும்) உள்ள நரம்புகளின் மயலின் உறையைத் தாக்குகிறது. உறை கெட்ட நரம்பில் செய்தி மெதுவாகப் போகும், சில இடங்களில் நின்றும்விடும். முன்பு மூளையின் ஒரு சிறு பகுதி தனியாகச் செய்த வேலைக்கு இப்போது அக்கம்பக்கத்துப் பகுதிகளும் சேர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது. ஸ்கேன் படங்களில் இதைக் காணலாம். நீங்கள் கதிரையில் இருந்தபடி ஒரு பட்டியலைக் கூட்டும்போதே, பக்கத்தில் இருப்பவரின் மூளையைவிட உங்கள் மூளை கூடப் பாடுபடுகிறது. நேற்று இரவு நன்றாகத் தூங்கியவருக்கும் இந்தக் களைப்பு வரும். அதனால் இது பஞ்சியும் இல்லை, சாக்கும் இல்லை.

அதற்காக எல்லாக் களைப்பையும் எம்.எஸ். தலையில் கட்டிவிடவும் கூடாது. உங்கள் கடிதத்திலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. ஒன்று, இரவில் எழும்புவது. சலப்பையைக் கட்டுப்படுத்தும் நரம்புகளை எம்.எஸ். பாதிப்பது மிகச் சாதாரணம், அதற்கு மருந்தும் உண்டு. சலத்தில் கிருமித் தொற்று இருந்தாலும் களைப்புக் கூடும், ஒரு பரிசோதனையில் தெரிந்துவிடும். இதைக் கிளினிக்கில் சொன்னீர்களா? நம் பெண்களில் பலர் சொல்வதில்லை. இரவில் மூன்று தடவை தூக்கம் குழம்பினால் நோயில்லாத ஆளே பகலில் தள்ளாடுவார். மற்றது, சைவ உணவு. வைட்டமின் பி12 தாவர உணவில் கிடைப்பதில்லை, பாலிலும் தயிரிலும் ஓரளவுதான் உண்டு. அது குறைந்தால் களைப்பு வருவதோடு நரம்பின் உறையும் கெடும். உங்களுக்கு அது இரட்டை அடி. அடுத்த கிளினிக்கில் பி12, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்துச் சேமிப்பு), தைரொயிட் நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது தடையாக இருக்கிறது. தசை இறுக்கத்துக்கு பக்லோஃபென், நரம்பு வலிக்கு கபபென்ரின் போன்ற குளிசைகள் போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அவையும் ஆளை மந்தமாக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம். நேரத்தையோ அளவையோ மாற்றலாமா என்று நரம்பியல் நிபுணரிடம் கேளுங்கள்.

களைப்புக்கென்றே ஒரு குளிசை இல்லையா என்று உங்கள் கணவர் கேட்பார். அமன்ரடின், மொடஃபினில், மெதில்ஃபெனிடேற் மூன்றையும் நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். 2021இல் அமெரிக்காவில் 141 நோயாளரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. மூன்றில் ஒன்றுகூட மருந்தே இல்லாத வெறும் மாவுக் குளிசையைவிடத் தெளிவாக நல்ல பலன் தரவில்லை, பக்கவிளைவுதான் கூட இருந்தது. சிலருக்கு உதவக்கூடும். அதை உங்கள் டொக்டர் தீர்மானிக்கட்டும். ஆனால் முழு நம்பிக்கையையும் குளிசையில் வைக்க முடியாது.

இனி உடற்பயிற்சி. உடம்பை வருத்தினால் நோய் கூடும் என்ற பயத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1890இல் ஜேர்மனியக் கண் வைத்தியர் வில்ஹெல்ம் ஊத்தொஃப், உடற்பயிற்சி செய்யும்போது இந்த நோயாளர் சிலரின் பார்வை மங்குவதைக் கண்டு எழுதினார். உடம்பு சூடாவதுதான் காரணம் என்பது பிறகுதான் விளங்கியது. மயலின் கெட்ட நரம்பில், உடல் வெப்பம் அரைப் பாகை செல்சியஸ் ஏறினாலே செய்தி தடைப்படலாம். வெப்பம் இறங்கியதும் பழையபடி ஓடும். நரம்புக்குப் புதிதாக எந்தச் சேதமும் இல்லை. ஆனாலும் பல பத்து ஆண்டுகளாக எம்.எஸ். நோயாளருக்கு ‘அசையாதீர்கள், ஓய்வெடுங்கள்’ என்றே சொல்லி வந்தார்கள். உங்கள் கணவர் இன்று சொல்வதும் அதுதான், அன்பினால்தான் சொல்கிறார். 1996இல் யூட்டா பல்கலைக்கழகத்தினர் 54 பேரை வைத்து 15 கிழமை ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினர் கிழமைக்கு மூன்று தடவை, 40 நிமிடம் கையாலும் காலாலும் மிதிக்கும் இயந்திரத்தில் பயிற்சி செய்தார்கள். நோய் கூடவில்லை. உடல் வலுவும் மனநிலையும் முன்னேறின. அதன் பிறகு வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் நிற்கின்றன. களைப்பு மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், சில ஆய்வுகளில் மாற்றம் சிறிதாகவே இருந்தது. என்றாலும் படுத்தே கிடந்தால் தசை கரையும், இதயம் சோம்பும், மூன்று மாடி ஏறுவது முன்னையைவிடப் பெரிய வேலையாகும். நோய் தந்த களைப்போடு படுக்கை தந்த களைப்பும் சேரும். இரண்டாவதை நிச்சயமாகக் குறைக்கலாம்.

எம்.எஸ். உள்ள, ஓரளவு நடமாடும் ஒருவருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இலக்கு, கிழமைக்கு இரண்டு தடவை 30 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சியும் இரண்டு தடவை தசைப் பயிற்சியும்தான். இது போய்ச் சேர வேண்டிய இடம். நாளைக்கே தொடங்க வேண்டிய இடம் அல்ல. ஜிம்முக்குப் போகச் சொல்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

நீங்கள் ஆறு நிமிட நடையில் தொடங்குங்கள். ஆறு நிமிடமா என்று சிரிக்காதீர்கள். உங்கள் மோசமான திங்கட்கிழமையிலும் செய்யக்கூடிய அளவு எதுவோ அதுதான் தொடக்கம். கிழமையில் நான்கு நாள், ஒரே நேரத்தில். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்கலாம். அடுத்த கிழமை ஒரு நிமிடம் கூட்டுங்கள். நடந்து முடித்து இரண்டு மணித்தியாலம் கழிந்தும் களைப்பு இறங்கவில்லை, அல்லது மறுநாளும் நீடிக்கிறது என்றால் அளவு கூடிவிட்டது. மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து அங்கேயே ஒரு கிழமை நில்லுங்கள். உசாரான நாள் வந்தால் இருபது நிமிடம் நடக்கத் தோன்றும். நடக்க வேண்டாம். இதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

கொழும்பின் வெக்கையை மறக்கக் கூடாது. ஐரோப்பாவில் எழுதிய அறிவுரையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் எதிரி, வியர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. மெரின் டிரைவில் நடப்பதானால் காலை ஆறு மணிக்கு முன்னும் பின்னும்தான், கடற்காற்றும் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு வெயில் தணிந்தாலும் சீமெந்தும் தாரும் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். மார்ச், ஏப்ரலில் வீட்டுக்குள்ளேயே, ஃபானுக்கு நேரே நின்று நடையடியுங்கள். தொடங்குமுன் குளிர்ந்த தண்ணீரில் குளியுங்கள், நேரமில்லாவிட்டால் கழுத்தில் ஈரத் துவாயைப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஐஸ் தண்ணீர் நாலு மிடறு குடியுங்கள். இரவில் எழும்பும் பயத்தில் பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு குறைத்தால் போதும். நடக்கும்போது கண் மங்கினாலோ கால் கனத்தாலோ இருந்து உடம்பை ஆறவிடுங்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். காய்ச்சல் இல்லாமல் ஒரு புதிய நோய் அறிகுறி 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் அது வெக்கையின் வேலையல்ல, வைத்தியசாலைக்குப் போங்கள்.

தசைப் பயிற்சிக்குச் சாப்பாட்டுக் கதிரை போதும். சுவரோடு அணைத்து வைத்து, கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழும்பி இருங்கள். இறங்கும்போது மெதுவாக, ‘தொப்’ என்று விழாமல். குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி இறக்குங்கள். யோகாசனம் தெரிந்தால் அதுவும் நல்லது. உங்கள் மாடிப்படியும் ஒரு பயிற்சிதான், ஆனால் கந்தோரால் வந்த களைப்பில் அதை ஒரே மூச்சில் ஏறாதீர்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு ஸ்டூல் வைக்க அயலவரிடம் கேளுங்கள். களைத்தாலும் களைக்காவிட்டாலும் அதில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு ஏறுங்கள். நடக்கும்போது பாதம் தட்டுப்படுகிறது, படியில் தடுக்குகிறது என்றால் மட்டும் நீங்களாக எதுவும் தொடங்காமல் முதலில் ஓர் இயன்மருத்துவரை நேரில் பாருங்கள். தேசிய வைத்தியசாலையிலும் றாகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலையிலும் அந்தச் சேவை இலவசம்.

இப்போது உளவியலாளர் விடயம். அறிகை நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சீ.பீ.ரி., என்பது ‘மனதைத் திடமாக வையுங்கள்’ என்று புத்திமதி சொல்வதல்ல. உங்கள் சனிக்கிழமையை எடுத்து மேசையில் வைத்துப் பிரித்துப் பார்ப்பது.

பிரித்துப் பார்ப்போம். காலையில் உடம்பு லேசாக இருக்கிறது. உடனே ஒரு நினைப்பு ஓடுகிறது: ‘இண்டைக்கு ஏலும், எல்லாத்தையும் முடிச்சுப்போட வேணும், நாளைக்கு எப்படியோ தெரியாது.’ கூடவே இன்னொன்று: ‘கிடந்தால் மாமி பஞ்சி எண்டு நினைப்பா.’ ஒரு கிழமை உடுப்பைத் தோய்க்கிறீர்கள். காயப்போடுவது மொட்டைமாடியில் என்றால் ஈர உடுப்பு வாளியோடு படி ஏறுகிறீர்கள். பிறகு சந்தை, வெயில், இரண்டு கையிலும் பை, மறுபடி மூன்று மாடி. மாலையில் விழுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேறொரு நினைப்பு: ‘நோய் கூடுதாக்கும்.’ பயத்தில் இரண்டு நாள் அசையாமல் கிடக்கிறீர்கள். அதில் உடம்பு இன்னும் தளர்கிறது. அடுத்த சனி, விட்டதையெல்லாம் சேர்த்துச் செய்யத் தோன்றுகிறது. நோய் களைப்பைத் தொடக்கி வைக்கிறது. இந்தச் சுற்று அதை வளர்க்கிறது. மயலினை நாம் வீட்டில் இருந்து திருத்த முடியாது, இந்தச் சுற்றைத் திருத்தலாம்.

எப்படி? முதற் கிழமை எதையும் மாற்ற வேண்டாம். ஒரு பழைய கொப்பியில் மணிக்கு மணி என்ன செய்தீர்கள், களைப்புப் பத்துக்கு எத்தனை, இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இது கைவந்த வேலை. கிழமை முடிவில், மோசமான நாளிலும் எவ்வளவு நேரம் நின்று சமைக்க முடிந்தது என்று பாருங்கள். 15 நிமிடம் என்றால் இனிமேல் 10 நிமிடம் நிற்பது, 5 நிமிடம் இருப்பது. நல்ல நாளிலும் அதேதான், கெட்ட நாளிலும் அதேதான். உடம்பு ‘காணும்’ என்று சொல்லும்வரை காத்திருந்தால் உங்களுக்குப் பிந்திவிடும், ஏனென்றால் எம்.எஸ். உடம்பு அதைப் பிந்தித்தான் சொல்கிறது. அதனால்தான் மணிக்கூட்டைப் பார்த்து நிறுத்தச் சொல்கிறேன். கைபேசியில் அலாரம் வையுங்கள். அலாரம் அடிக்கும்போது கையில் இன்னும் இரண்டு சட்டைதான் மிச்சம் இருக்கும், முடித்துவிடலாமே என்று மனம் கெஞ்சும். அந்த இரண்டு சட்டையை வாளிக்குள் விட்டுவிட்டு எழும்பிப் போவதுதான் இந்தச் சிகிச்சையின் கடினமான பாடம். உளவியலாளர் இதை ஒரு பரீட்சையாகவே தருவார்: அரைவாசியில் நிறுத்துங்கள், என்ன நடக்கும் என்று பயந்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது, இரண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்பார்.

கந்தோரில் காலை 10.30க்கும் பகல் 1.30க்கும் பத்துப் பத்து நிமிடம், களைப்பு வருமுன், கண்ணை மூடி இருங்கள். கைபேசியில் முகநூல் பார்ப்பது இளைப்பாறல் ஆகாது. இலக்கத்தோடு மல்லுக்கட்டும் வேலையைக் காலைக்கு மாற்றி, கோப்பு அடுக்குவதையும் தொலைபேசியையும் பகல் 2 மணிக்குப் பிறகு வையுங்கள். காலையில் கோட்டைக்கு நின்றுகொண்டே போகிறீர்கள் என்றால், இருக்கை கிடைக்கும் நேரத்தில் போய் வர வசதியாக வேலை நேரத்தை அரை மணித்தியாலம் முன்தள்ள மேலதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். விளக்கக் கடிதம் ஒன்றைக் கிளினிக்கில் பெற்றுக்கொள்ளலாம். படுக்கும் நேரமும் எழும்பும் நேரமும் ஞாயிறு உட்பட மாறக்கூடாது.

இது வெறும் என் அபிப்பிராயமல்ல. 2008இல் நியூசிலாந்தில் 72 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பகுதியினருக்குச் சீ.பீ.ரி., மறு பகுதியினருக்குத் தளர்வுப் பயிற்சி, இரண்டும் எட்டுத் தடவை. இரு பகுதியினருக்கும் களைப்புக் குறைந்தது. சீ.பீ.ரி. பெற்றவர்களுக்குக் கூடக் குறைந்து, சிகிச்சை முடிவில் நோயில்லாதவர்கள் சொல்லும் அளவுக்கே வந்தது. 2024இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு 336 பேரைக் கொண்டது. தொலைபேசி வழியாகச் சீ.பீ.ரி., மொடஃபினில் குளிசை, இரண்டும் சேர்த்து என மூன்று பகுதி. 12 கிழமையில் மூன்றிலும் ஏறத்தாழ ஒரே முன்னேற்றம். சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு: நெதர்லாந்தில் செய்த ஆய்வில் சிகிச்சை முடிந்து ஒரு வருடமாகும்போது பலன் மங்கிவிட்டது. ஆகவே முடிந்தது என்று கொப்பியை மூடிவைக்காமல், சில மாதத்துக்கு ஒருமுறை உளவியலாளரைத் திரும்பப் பாருங்கள்.

போகும்போது தமிழில் கதைக்கக்கூடிய ஒருவரை வேண்டும் என்று கேளுங்கள். மனதில் ஓடும் நினைப்பைப் பிடிப்பதுதான் வேலை. அதை இன்னொரு மொழியில் செய்வது உங்களுக்கு இன்னொரு களைப்பு. தொலைபேசியில் செய்யலாமா என்றும் கேளுங்கள், மூன்று மாடி மிச்சம். இன்னுமொன்று: எதிலும் நாட்டமில்லை, அழுகை வருகிறது, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அதை டொக்டரிடம் ஒளிக்காதீர்கள். மனச்சோர்வு எம்.எஸ். நோயில் அடிக்கடி வரும், மருந்தும் பேச்சும் அதற்கு நன்றாகக் கேட்கும். அவசரத்துக்குத் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, தமிழிலும் பேசலாம்.

உங்கள் கணவருக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். ‘ஒண்டும் செய்யாதையும்’ என்பதை விட்டுவிட்டு, அலாரம் அடித்தால் ‘நேரம் முடிஞ்சுது, இரும்’ என்று மட்டும் சொல்லட்டும். காலையில் அந்த ஆறு நிமிடம் கூட நடக்கட்டும். சனிக்கிழமைச் சந்தையையும் மொட்டைமாடி வாளியையும் அவர் எடுத்துக்கொள்ளட்டும். உடுப்பைச் செவ்வாய், வியாழன், சனி என்று மூன்றாகப் பிரித்து, மடிக்கும் வேலையை நீங்கள் கதிரையில் இருந்து செய்யுங்கள். மாமியிடம் இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய் துருவித் தரக் கேட்டுப் பாருங்கள். திட்டுபவர்களில் பலர், என்ன செய்தால் உதவி என்று தெரியாமல்தான் திட்டுகிறார்கள்.